மருந்தின் நான்கு கூறுகள்: வயிற்றறுவை மருத்துவ முன்னோடிகளுக்கு ஓர் அஞ்சலி

(திருப்பூரில் நிகழ்ந்த விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழா நாள்களில் முன்னோர்களை நினைத்துப் போற்றுவது சமணர் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். தீர்த்தங்கரர்களையும் ஆசாரியர்களையும் நூலாசிரியர்களையும் போற்றிய பின்னர், உலகியலில் உயிர்களுக்கு நன்மை செய்தோரையும் நன்றியோடு நினைப்பது தக்கதே. அவ்வகையில் இன்றைய உரை ஒரு மருத்துவத் துறையின் முன்னோடிகளைப் பற்றியது. உணவுக்குழல், இரைப்பை, குடல், கல்லீரல், பித்தப்பை, கணையம் ஆகிய உறுப்புகளில் நேரும் நோய்களை அறுவையால் தீர்க்கும் துறை அது. குடல்வால் அறுவை, பித்தப்பைக் கல் அறுவை என்பன இன்று வீட்டுக்கு வீடு கேட்கும் சொற்கள். இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரோ வயிற்றைத் திறப்பது என்பது ஏறத்தாழ இறப்பையே குறித்தது.

இப்பொருளைத் திருப்பூரில் பேசுவதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, இவ்வூரின் உழைப்பு முறை வயிற்றோடு தொடர்புடையது. ஏற்றுமதிச் சரக்கு அனுப்பவேண்டிய நாள் நெருங்கினால் பனியன் நிறுவனங்களில் ஒன்றரை ஷிப்டு, இரண்டு ஷிப்டு என வேலை நீளும். காலை உணவு தேநீராகும். நண்பகல் உணவு பிற்பகலாகும். இரவு உணவு நள்ளிரவாகும். தைப்பவரும் அறுப்பவரும் மட்டுமல்லர், உரிமையாளரும் இவ்வாறே உண்கின்றனர். இரவுண்ணாமையை நோன்பாகக் கொண்ட குடும்பங்களும் இந்நகரில் அதைக் காக்க இடர்ப்படுகின்றன. இரண்டாவது, இவ்வூர் நூலையும் தையலையும் நன்கறிந்த ஊர். வயிற்றறுவை மருத்துவத்தின் வரலாறோ பெரும்பகுதி ஒரு தையலின் வரலாறாகவே அமைந்துள்ளது.

நோயையும் அறத்தையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பது தமிழ்ச் சமணர்க்குப் புதிதன்று. காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் மருந்துகளின் பெயரையே சூட்டினர். திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்பதாகும். அதன் பெரும்பகுதி முன்னர் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதைப் பற்றியே பேசுகிறது. இறுதிக் குறள் மருத்துவம் என்பது நான்கு கூறுகளை உடையது என வகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகியோரே அந்நான்கு கூறுகள். வயிற்றறுவை மருத்துவத்தின் வரலாற்றையும் இந்நான்கு கூறுகளின் வழியே காண்பது பொருத்தமாகும்.

நோயுற்றவர்

முன்னோடிகள் என்றவுடன் மருத்துவர்களின் பெயர்களே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஒவ்வொரு முதல் அறுவையிலும் மேசையின் மேல் ஒருவர் படுத்திருந்தார். அவரும் முன்னோடியே.

1735ஆம் ஆண்டு லண்டனில் கிளாடியஸ் அம்யாண்டு என்னும் மருத்துவரிடம் 11 வயதுச் சிறுவன் ஒருவன் குடலிறக்க நோயோடு வந்தான். அறுத்துப் பார்த்தபோது, இறங்கியிருந்த பையினுள் குடல்வால் இருந்தது. அவன் எப்போதோ விழுங்கிய குண்டூசி அதைத் துளைத்திருந்தது. அம்யாண்டு குடல்வாலை நீக்கினார். பதிவான முதல் குடல்வால் அறுவை இதுவே. மயக்க மருந்து பயன்பாட்டுக்கு வந்தது 1846ஆம் ஆண்டில்தான். ஆகவே அச்சிறுவன் அறுவை முழுவதையும் விழிப்போடு பொறுத்துக்கொண்டான், பிழைத்தும் எழுந்தான்.

1881ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் வியன்னா நகரில் தியோடர் பில்ரோத் இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்த புற்றுக்கட்டியை அறுத்து நீக்கி, எஞ்சிய இரைப்பையைக் குடலோடு இணைத்தார். அவருக்கு முன் பிரான்சில் பியானும் போலந்தின் ரிடிகியரும் இதே அறுவையை முயன்றிருந்தனர். அவ்விருவருடைய நோயாளிகளும் பிழைக்கவில்லை. பில்ரோத்தின் நோயாளியாகிய தெரசா ஹெல்லர் 43 வயதுப் பெண்மணி. எதை உண்டாலும் வாந்தியெடுத்து உடல் மெலிந்திருந்தவர். அறுவைக்குப் பின் அவர் மீண்டும் உணவு கொண்டார். புற்று பிற இடங்களுக்குப் பரவியிருந்தமையால் ஏறத்தாழ நான்கு திங்களில் அவர் மறைந்தார். ஆயினும் இரைப்பையை அறுத்தபின்பும் மனிதர் உண்டு வாழ இயலும் என்பதை அந்நான்கு திங்கள்கள் உலகுக்கு மெய்ப்பித்தன. இன்று இரைப்பைப் புற்றுநோயிலிருந்து மீளும் ஒவ்வொருவரும் அப்பெண்மணிக்குக் கடன்பட்டவரே.

அக்காலத்து நோயாளிகள் வேறு வழியின்றிக் காலந்தாழ்த்தி வந்தனர். இக்காலத்திலோ வழி இருந்தும் காலந்தாழ்த்துகின்றனர். வயிற்றுவலி எடுத்தால் மருந்துக்கடையில் அமில மாத்திரை வாங்கி விழுங்குவதும், சரக்கு போய்ச் சேரட்டும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதும் இவ்வூரில் காணக்கூடிய வழக்கம். பீஸ் ரேட்டில் உழைப்பவருக்கு ஒரு நாள் விடுப்பு ஒரு நாள் கூலியின் இழப்பு. அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் வலது அடிவயிற்றில் தொடங்கிய குடல்வால் வலி கவனிக்கப்படாது வெடித்தால், சில நாள்களில் முடியவேண்டிய மருத்துவம் பல வாரங்களாக நீளும். உயிருக்கும் ஊறு நேரும்.

சில அறிகுறிகளை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும். மலத்தில் குருதி கலத்தல், மலம் தார்போல் கறுத்தல், காரணமின்றி உடல் மெலிதல், உணவு விழுங்கும்போது தடைப்படுதல், கண்கள் மஞ்சளாதல், மலங்கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருத்தல், வாந்தியோடும் காய்ச்சலோடும் கூடிய கடும் வயிற்றுவலி ஆகியவை தாமே சரியாகிவிடும் எனக் காத்திருக்கத் தக்கவை அல்ல. மூலம் என்று தாமே முடிவுசெய்து ஆண்டுக்கணக்கில் குருதிப்போக்கை மறைத்து வைப்பது மிகுந்த தீங்கு தரும். கடும் வயிற்றுவலிக்கு விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுப்பதும் கூடாது. குடல்வால் அழற்சியாயின் அது வெடிப்பதற்கு அதுவே வழிவகுக்கும். உபவாசம் மேற்கொள்வோர்க்கு வயிற்றுப்புண்ணோ நீரிழிவோ இருப்பின், நோன்பைத் தொடங்குமுன்னரே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுதல் நன்று.

மருத்துவர்

பில்ரோத் தம் வெற்றியால் மட்டும் போற்றப்படுபவர் அல்லர். தாம் செய்த அறுவைகளில் எத்தனை பேர் பிழைத்தனர், எத்தனை பேர் இறந்தனர், எவ்வெவ்விடத்துப் பிழை நேர்ந்தது என்பனவற்றை மறைக்காது வெளியிட்டார். புகழ்பெற்ற ஒருவர் தம் தோல்விகளைத் தாமே அச்சிட்டு உலகின்முன் வைத்தது அக்காலத்தில் அரிய செயல். அதனாலேயே அடுத்துவந்த மருத்துவர்கள் அவர் விழுந்த இடத்தில் மீண்டும் விழாமல் தப்பினர். நாள்தோறும் செய்த குற்றங்களை எண்ணிப் பார்த்துத் திருந்தும் பிரதிக்கிரமணத்தைக் கடைப்பிடிக்கும் மரபினர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

தமிழ் மண்ணில் இத்துறையின் தொடக்கத்தில் நிற்பவருள் ஒருவர் ஹோவர்டு சாமர்வெல். அவர் முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு அறுவை செய்தவர். 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் மலையேறும் குழுவில் பங்குகொண்டார். அம்முயற்சி முடிந்தபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூருக்கு வந்தார். அங்கே மிஷன் மருத்துவமனையில் ஒரே ஒரு அறுவை மருத்துவர், காத்திருந்த பெருங்கூட்டத்தைத் தனியராய்ச் சமாளித்துக்கொண்டிருந்தார். அக்காட்சி சாமர்வெல்லின் வாழ்க்கையை மாற்றியது. லண்டனில் தமக்குக் காத்திருந்த பதவியை விடுத்து நெய்யூரையே தம் பணிக்களமாக்கிக்கொண்டார். 1924ஆம் ஆண்டு எவரெஸ்டில் ஏறத்தாழ 28,000 அடி உயரம் வரை ஏறியவர், அதன்பின் இரு பதின்மங்களுக்கும் மேலாக நெய்யூரின் ஏழை மக்களுக்கு மருத்துவம் செய்தார்.

அப்பகுதியில் முன்சிறுகுடற்புண் மிகுதியாக இருந்தது. புண் ஆறித் தழும்பாகி வழியை அடைத்துவிட, உண்ட உணவு இரைப்பையிலேயே தேங்கி நோயாளிகள் எலும்பும் தோலுமாக வந்தனர். சாமர்வெல் இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைத்து உணவுக்கு மாற்றுவழி அமைத்தார். அவ்வாறு பெருந்தொகையினருக்கு அறுவை செய்து பெற்ற பட்டறிவை இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை பற்றிய நூலாக 1948ஆம் ஆண்டு வெளியிட்டார். பின்னர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்து அடுத்த தலைமுறையைப் பயிற்றினார். தென்கோடியிலிருந்த ஒரு சிற்றூரின் மருத்துவமனை இவ்வாறு உலக மருத்துவ நூலுக்கு ஊற்றாயிற்று.

வயிற்றறுவை தனித்துறையாக இந்தியாவில் வேரூன்றியது சென்னையில்தான். பேராசிரியர் நடேசன் ரங்கபாஷ்யம் சென்னை மருத்துவக் கல்லூரியில் இரைப்பை குடல் அறுவைத் துறையை நிறுவினார். இத்துறைக்கென நாட்டின் முதல் எம்.சிஎச். உயர்பட்டப் படிப்பும் அவரால் தொடங்கப்பெற்றது. அதுவரை பொது அறுவை மருத்துவர்கள் பல பணிகளுள் ஒன்றாகச் செய்துவந்த கடினமான அறுவைகளை, அதற்கென்றே பயின்றவர்கள் செய்யும் நிலை உருவாயிற்று. கட்டணம் செலுத்த இயலாத ஏழைகள் வரும் அரசு மருத்துவமனையில் இது நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அவருக்கு 2002ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. 2013ஆம் ஆண்டு அவர் மறைந்தார். ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் செய்யும் அறுவைகளுக்கு ஓர் எல்லை உண்டு. அவர் உருவாக்கிய துறையும் படிப்பும் செய்யும் அறுவைகளுக்கு எல்லை இல்லை. சாஸ்திர தானத்தின் பயன் இத்தகையது.

அடுத்த பெரும் மாற்றம் சிறுதுளை வழியே ஒளிக்குழாயையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையாகும். ஜெர்மனியின் எரிக் மூஹே 1985ஆம் ஆண்டில் இம்முறையில் பித்தப்பையை நீக்கினார். அந்நாட்டு அறுவை மருத்துவர் சங்கம் அதை முதலில் ஏற்க மறுத்தது. 1992ஆம் ஆண்டில் அதே சங்கம் அவருக்கு விருது அளித்தது. இந்தியாவில் டாக்டர் தெஹம்தன் உத்வாடியா மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 1990ஆம் ஆண்டு இவ்வறுவையைச் செய்தார். மறு ஆண்டே இம்முறை கோயம்புத்தூரை அடைந்தது. அதைக் கொணர்ந்தவர் டாக்டர் சி. பழனிவேலு.

பழனிவேலுவின் வாழ்க்கை இப்பகுதி இளைஞர்கள் அறியவேண்டியது. வறுமையால் பள்ளிப்படிப்பு இடையில் நின்றுவிட, மலேசியத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர் அவர். தாயகம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்து மருத்துவரானார். 2001ஆம் ஆண்டு கோவையில் ஜெம் மருத்துவமனையை நிறுவினார். உணவுக்குழல் புற்றுநோய்க்கு மார்பைப் பெரிதாகத் திறக்காமல், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துச் சிறுதுளைகளின் வழியே செய்யும் முறையை அவர்தம் குழுவினர் 2006ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் விளக்கி எழுதினர். தம் முறைகளைக் காணொளிகளாகவும் நூல்களாகவும் பிற மருத்துவர்களுக்குப் பயிற்றுவித்தார். திருப்பூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இத்துறையின் உலகறிந்த ஒரு பயிற்சிக்களம் அமைந்தது இவ்வாறே.

வியன்னாவிலும் நெய்யூரிலும் சென்னையிலும் கோவையிலும் இருந்த இவர்களிடையே ஒரு பொதுப்பண்பு காணப்படுகிறது. எவரும் தாம் கண்டதைத் தொழில் மறைபொருளாகப் பூட்டிவைக்கவில்லை. வணிகத்தில் போட்டியாளருக்குத் தன் முறையைக் கற்பிப்பவர் அரியர். இவர்கள் அதையே கடமையாகக் கொண்டனர்.

மருந்தும் நூலும்

வயிற்றறுவையில் கத்தியைக் காட்டிலும் நூலே கடினமானது. குடலை வெட்டுவது எளிது. வெட்டிய இரு முனைகளை ஒழுகாமல் இணைப்பதே அரிது. பின்னலாடையில் ஓர் இழை அறுந்தால் கண்ணி ஒவ்வொன்றாக அவிழ்ந்து ஏணிபோல் ஓட்டம் விடுவதைத் திருப்பூரில் அறியாதவர் இல்லை. குடல் இணைப்பில் ஓரிடம் விட்டாலும் உள்ளிருக்கும் கழிவு வயிற்றறையில் கசிந்து, சில நாள்களில் நோயாளியின் உயிரையே பறித்துவிடும்.

சுசுருத சம்ஹிதை இதற்கு ஒரு வழி கூறியது. குடலில் ஏற்பட்ட துளையின் விளிம்புகளைச் சேர்த்துப் பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்கச் செய்து, அவற்றின் உடலைக் கிள்ளிவிட்டுத் தலையைத் தையலாக விட்டுவைப்பது அம்முறை. உடலுக்குள் தானே கரையும் தையல் வேண்டும் என்னும் அறிவு அத்தனை பழைமையானது. அதற்கு விலையாகச் சிற்றுயிர்கள் மடிந்தன என்பதும் உண்மை.

1826ஆம் ஆண்டு பிரான்சின் அந்துவான் லெம்பேர் ஒரு திருப்பத்தை உண்டாக்கினார். துணியைத் தைப்பதுபோல் விளிம்போடு விளிம்பை வைத்துத் தைத்தால் குடல் ஒட்டாது; குடலின் வெளிப்போர்வைகள் ஒன்றோடொன்று பொருந்துமாறு விளிம்பை உள்மடித்துத் தைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று காட்டினார். மடித்துத் தைக்கும் தையலின் வலிமை இவ்வூரின் தையற்காரர்க்கு விளக்கவேண்டியதன்று. பின்னர் 1887ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹால்ஸ்டெட், குடற்சுவரின் அடுக்குகளுள் உட்படலத்தை ஒட்டி அதன் அடியில் அமைந்த அடுக்கே தையலைத் தாங்கும் வலிமை உடையது என்று கண்டறிந்தார். இன்றைய குடற்தையல் இவ்விருவரின் அறிவின்மேல் நிற்கிறது. ஹால்ஸ்டெட் அதனை நாய்களின்மேல் செய்த சோதனைகளால் அறிந்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை. பயன் பெறும் மனிதர் அவ்வுயிர்களுக்கும் நன்றிக்கடன் பட்டவர். இன்று பயிற்சி பெறும் மருத்துவர்கள் தொடக்கத் திறன்களைப் பயிற்சிப் பெட்டிகளிலும் கணினிப் பாவனைக் கருவிகளிலும் கற்கும் நிலை வளர்ந்துவருவது கொல்லாமையைப் போற்றுவோர்க்கு ஆறுதல் தரும் செய்தி.

நூலின் வரலாறும் அத்தகையதே. உடலில் கரையும் நூலாக நெடுங்காலம் பயன்பட்டது கேட்கட். அது ஆடு மாடுகளின் குடலிலிருந்து திரிக்கப்படுவது. கரையாத நூலாகப் பட்டு பயன்பட்டது. பில்ரோத் இணைத்ததும் பட்டு நூலால்தான். 1940களில் பருத்தி நூலையும் அறுவை மருத்துவர்கள் பயன்படுத்தினர். 1970கள் முதல், உடலிலுள்ள நீரால் மெல்லச் சிதைந்து மறையும் செயற்கை நூல்கள் பரவின. உயிரின் குடலோ புழுவின் கூடோ வேண்டாமல் மனிதக் குடலைத் தைக்க இயலும் நிலை இவ்வாறு வந்தது. கேட்கட் இன்னும் வழக்கில் உள்ளது. எனவே அறுவைக்கு முன்னர், எவ்வகை நூல் பயன்படும் என்று மருத்துவரைப் பணிவோடு வினவுவதில் தவறில்லை. மருந்துறைகள் பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனவை. கணைய அறுவைக்குப் பின் தரப்படும் செரிமான நொதி மாத்திரைகள் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. மாற்று உள்ள இடத்தில் மாற்றைக் கேட்டுப் பெறலாம். மாற்று இல்லாத இடத்தில் மருத்துவரோடும் குடும்பப் பெரியோரோடும் கலந்து முடிவு செய்தல் வேண்டும். எவரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுவது உயிருக்கு ஊறாகும்.

அறுவை என்பதே இம்சையன்றோ என்று ஐயுறும் முதியோர் சிலர் உண்டு. இம்சையின் வேர் கருத்தில் உள்ளது என்பது சமண நூல்களின் துணிபு. துன்புறுத்தும் எண்ணமின்றி, கவனத்தோடு, உயிர்காக்கும் பொருட்டு உடலைக் கீறும் மருத்துவரின் செயல் கொலைத்தொழிலோடு ஒன்றாகாது. அந்த ஐயத்தால் மருத்துவத்தைத் தள்ளிப்போடுதல் வேண்டா.

மருந்தின் கூற்றில் போற்றத்தக்க மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. சாமர்வெல் போன்றோர் ஆயிரக்கணக்கில் அறுத்துத் தீர்த்த அப்புண்ணுக்குக் காரணம் என்ன? மனக்கவலையும் காரமும் அமிலமுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர் 1982ஆம் ஆண்டில் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரை வளர்த்தெடுத்து, பெரும்பாலான புண்களுக்கு அதுவே காரணம் என்றனர். மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1984ஆம் ஆண்டு மார்ஷல் அந்நுண்ணுயிர் கலந்த நீரைத் தாமே பருகி, இரைப்பை அழற்சிக்கு ஆளாகித் தம் கூற்றுக்குச் சான்று தந்தார். 2005ஆம் ஆண்டு இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் சேர்ந்து, வயிற்றுப்புண்ணுக்காக நாள்தோறும் நடந்த அறுவைகளை இன்று அரிதாக்கிவிட்டன. ஆகவே நெடுநாள் வயிற்றெரிச்சல் உடையவர், மாத்திரையால் அதை அடக்கிக்கொண்டே ஆண்டுகளைக் கழிக்காமல், இந்நுண்ணுயிர் உள்ளதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்வது அறிவுடைமை.

அருகிருந்து பேணுபவர்

முதல் மூன்று கூறுகளும் இரு நூற்றாண்டுகளில் பெரிதும் வளர்ந்தன. மருத்துவர் திறம் பெற்றார். மருந்தும் நூலும் மேம்பட்டன. நோயாளியின் துன்பம் குறைந்தது. நான்காவது கூறு எந்நிலையில் உள்ளது என்பதே இவ்வவையில் எண்ணிப் பார்க்கவேண்டியது.

வயிற்றறுவைக்குப் பின் நோயாளியை நாள்கணக்கில் பட்டினியாகப் படுக்கவைப்பதே பழைய முறை. டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990களில் இதை மாற்றிக் காட்டினார். வலியை நன்கு அடக்கி, நோயாளியை விரைவில் எழுப்பி நடக்கவைத்து, விரைவில் வாய்வழி உணவு கொடுத்தால், அவர் விரைவில் நலமடைகிறார் என்பது அவர்தம் ஆய்வின் முடிவு. இன்று பல மருத்துவமனைகள் இதைப் பின்பற்றுகின்றன. ஆனால் புதிய தையலோடு எழுந்து நிற்கும் ஒருவரைத் தாங்கி நடத்திச் செல்ல ஒரு தோள் வேண்டும். சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கஞ்சியைப் பருகக் கொடுக்க ஒரு கை வேண்டும். காய்ச்சல் கண்டதையும் வயிறு உப்பியதையும் கவனித்துச் செவிலியரிடம் சொல்ல ஒரு கண் வேண்டும். அருகிருப்பவர் வெறும் துணை மட்டும் அல்லர். மருத்துவத்தின் ஓர் உறுப்பே ஆவார்.

அப்பணியின் உச்சத்தை 1998ஆம் ஆண்டு இந்தியா கண்டது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயது நிரம்பாத குழந்தை ஒன்று பித்தநாளக் குறைபாட்டால் கல்லீரல் கெட்டு உயிருக்குப் போராடியது. தில்லி அப்போலோ மருத்துவமனையில் அதன் தந்தை தம் கல்லீரலின் ஒரு பகுதியை அளித்தார். நாட்டில் குழந்தைக்குச் செய்யப்பெற்று வெற்றியடைந்த முதல் கல்லீரல் மாற்று அறுவை அது. அக்குழந்தை வளர்ந்து தாமும் ஒரு மருத்துவரானார். அருகிருந்து பேணிய தந்தையே அங்கு மருந்துமானார்.

திருப்பூரில் அந்த நான்காவது இடம் பல கட்டில்களின் அருகே வெறுமையாக உள்ளது. தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்து, ஓர் அறையில் பலராகத் தங்கி உழைப்போர் இங்குப் பல்லாயிரவர். அவருள் ஒருவர் வயிற்றுவலியால் விழுந்தால், உடன் தங்கியிருப்போர் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வேலைக்குத் திரும்பவேண்டிய நிலையிலேயே உள்ளனர். பெற்றோர் ஊரிலிருந்து வந்துசேர நாள்கள் ஆகும். மொழி தெரியாதவர், எங்கு வலிக்கிறது என்று சொல்லவும் இயலாது தவிக்கிறார்.

2022ஆம் ஆண்டு முதல் திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. உரிய தொழிலாளர்க்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. இவை இருந்தும், எந்தச் சாளரத்தில் எந்த அட்டையைக் காட்டவேண்டும் என்று வழிகாட்ட ஒருவர் இல்லாமையால் பயன்பெறாது திரும்புவோர் உண்டு. மருத்துவமும் பணமும் உள்ள இடத்தில் மனிதர் இல்லாமையே குறையாக நிற்கிறது.

சமணம் வகுத்த நால்வகைத் தானங்கள் ஆகாரம், ஔடதம், சாஸ்திரம், அபயம் என்பன. அறக்கட்டளைகள் அன்னமும் மருந்தும் கல்வியும் இயன்றவரை வழங்கிவருகின்றன. அபயம் என்பது அச்சத்தை நீக்குதல். அறுவைக்கு முந்தைய இரவில் அயலூர்க் கட்டிலில் தனித்துக் கிடப்பவரைவிட அச்சம் மிக்கவர் யார்? அவர் அருகே ஒருவர் அமர்ந்திருப்பதே அத்தானமாகும். நோயுற்ற துறவியர்க்குச் செய்யும் பணிவிடையாகிய வையாவிருத்தியத்தை ஆறு அகத்தவங்களுள் ஒன்றாக ஆசாரியர்கள் வைத்தனர். அதன் அருளை இல்லறத்தார் எளியோர்பாலும் விரிக்கலாம்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு நாளை, அல்லது ஓர் இரவை, மருத்துவமனையில் துணையற்ற நோயாளி ஒருவருக்காக ஒதுக்கும் இளைஞர்களின் பட்டியலை அறக்கட்டளை உருவாக்கலாம். பெண் நோயாளிகளுக்குத் துணையிருக்கப் பெண்டிர் குழு ஒன்று அமையலாம். இந்தி அறிந்தவர்கள் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே மொழியாகலாம். பனியன் நிறுவனம் நடத்துவோர், தம் தொழிலாளி ஒருவர் அறுவைக்குச் செல்லும்போது உடன் தங்கும் ஒருவருக்குக் கூலியோடு இரண்டு நாள் விடுப்பு அளிக்கலாம். உணவு இடைவேளையை, சரக்கு அனுப்பும் வாரத்திலும் தவறாது காக்கலாம். அவ்வாறு காக்கப்படும் அரைமணி நேரம் பல வயிறுகளை மருத்துவமனைக்குச் செல்லாமல் தடுக்கும்.

லெம்பேரின் தையலையும் பில்ரோத்தின் துணிவையும் ரங்கபாஷ்யத்தின் ஆசிரியப் பணியையும் எல்லோராலும் பின்பற்ற இயலாது. கட்டிலருகே அமர்வது எல்லோர்க்கும் இயலும். இவ்விழாவில் முன்னோடிகளுக்கு மாலை சூட்டுவதோடு, அடுத்த விழா வருமுன் அந்த நான்காவது இடத்தில் இவ்வூரில் சிலராவது அமர்ந்திருப்பார்களாயின், அதுவே அவர்களுக்குச் செய்யும் சிறந்த வழிபாடாகும்.

எவ்வுயிரும் அச்சமின்றி வாழ்க! அறம் வளர்க! அருகன் நெறி ஓங்குக!